எலக்ட்ரிக் ஸ்கூட்டர் விமர்சனங்களை எடைபோடுவது எப்படி?

எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்க நினைப்பவர் இன்று ஷோரூமுக்குப் போவதற்கு முன்பே யூடியூபில் பல விமர்சனங்களைப் பார்த்துவிடுகிறார். அவற்றில் எதை நம்புவது என்று முடிவு செய்யப் பலரும் கேட்பது, "இவர் காசு வாங்கிக்கொண்டு பேசுகிறாரா?" என்ற ஒரே கேள்விதான். கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் அது மட்டும் போதாது. ஒரு பைசா வாங்காதவரும் அரைகுறையாகச் சோதித்துத் தவறான முடிவைச் சொல்லக்கூடும். நிறுவனம் கொடுத்த வண்டியை ஓட்டியவரும், எந்தச் சாலையில், எந்த வேகத்தில், எவ்வளவு எடையுடன் ஓட்டினார் என்பதை மறைக்காமல் சொன்னால், அவர் தரும் எண்கள் நமக்குப் பயன்படும். எனவே அவர் சொல்லும் கணக்கை நாமே சரிபார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

முதலில் பணத் தொடர்பைப் பார்த்துவிடலாம். சமூக ஊடகத்தில் பொருள்களைப் பரிந்துரைப்பவர்களுக்காக மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பணம் மட்டுமன்றி இலவசப் பொருள், பயணச் செலவு, ஹோட்டல் தங்கல், தள்ளுபடி ஆகியவையும் வெளிப்படையாகச் சொல்லப்பட வேண்டியவை. வீடியோ என்றால் அந்த அறிவிப்பு வீடியோவுக்குள்ளேயே, பேசும் மொழியிலேயே வர வேண்டும். கீழே உள்ள விவரப் பகுதியில் ஆங்கிலத்தில் ஒரு வரி போட்டுவிட்டு நகர்வது விதிக்குப் பொருந்தாது. தவறான விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் விதிக்க 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. இதைத் தவிர, விவரப் பகுதியில் ரெஃபரல் கோடு இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால், நீங்கள் வண்டி வாங்குவதில் அவருக்கும் ஆதாயம் இருக்கலாம். ஒரே நாளில், ஒரே நேரத்தில், ஒரே பின்னணியில் பல சேனல்களின் வீடியோக்கள் வந்திருந்தால், அவை பெரும்பாலும் நிறுவனம் ஏற்பாடு செய்த அறிமுக ஓட்டத்தில் எடுக்கப்பட்டவை. வண்டியின் வடிவம், இருக்கை, பிரேக், டிஸ்ப்ளே ஆகியவற்றைத் தெரிந்துகொள்ள அவை போதும். ஒரு முழு சார்ஜில் வண்டி ஓடும் தூரத்துக்கு, அதாவது ரேஞ்சுக்கு, அவற்றை நம்ப வேண்டாம்.

அதிகக் குழப்பம் இந்த ரேஞ்சில்தான். நிறுவனங்கள் விளம்பரத்தில் போடும் ஐ.டி.சி. (இந்தியன் டிரைவிங் சைக்கிள் என்ற சோதனை முறை) ரேஞ்ச் என்பது ஆய்வகத்தில், உருளைகளின் மேல் வண்டியை ஓட்டிக் கண்டறிவது. அந்தச் சோதனையில் வேகம் மணிக்கு 42 கிலோமீட்டரைத் தாண்டுவதில்லை, சராசரி வேகமோ ஏறத்தாழ 22 கிலோமீட்டர்தான். ஆகவே இந்த எண்ணை அப்படியே திரும்பச் சொல்கிற விமர்சனத்தைச் சோதனையாகக் கருத முடியாது. சாலையில் ஓட்டிப் பார்த்ததாகச் சொன்னால் ஒரு சின்ன வகுத்தல் செய்யுங்கள். ஒரு கிலோவாட் மணி, அதாவது 1,000 வாட் மணி, என்பது மின்கட்டண ரசீதில் நாம் பார்க்கும் ஒரு யூனிட். 3 யூனிட் பேட்டரியில் 100 கிலோமீட்டர் ஓடியது என்றால், கிலோமீட்டருக்கு 30 வாட் மணி செலவாகியிருக்கிறது. ஒருவர் மட்டும் நகரத்துக்குள் நிதானமாக ஓட்டினால் இது நம்பக்கூடிய அளவு. அதே பேட்டரியில் 150 கிலோமீட்டர் என்றால் கிலோமீட்டருக்கு 20 வாட் மணிதான் ஆகிறது. சார்ஜை மிச்சப்படுத்தும் எக்கோ மோடில், தனி ஆளாக, மிக மெதுவாக ஓட்டினாலொழிய அது கிடைப்பது அரிது. இந்த விவரங்களை விமர்சகர் சொல்லவில்லை என்றால் அந்த எண்ணை ஒதுக்கிவிடுங்கள். சார்ஜ் குறைந்ததும் பல வண்டிகள் தாமாகவே வேகத்தைக் கட்டுப்படுத்திக்கொள்கின்றன. கடைசிச் சில கிலோமீட்டர்களை ஊர்ந்துபோய்க் கணக்கில் சேர்த்தாரா என்பதையும் கவனிக்க வேண்டும்.

மலைப்பாதைச் சோதனைகளை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் செல்லும்போது ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரம் ஏறுகிறோம். வண்டியும் இரண்டு பேரும் சேர்ந்து 240 கிலோ என்றால், அந்த எடையை அவ்வளவு உயரம் தூக்குவதற்கு மட்டுமே ஏறத்தாழ 0.8 யூனிட் வேண்டும். மோட்டாரில் வீணாவதையும் சேர்த்தால் ஒரு யூனிட்டை நெருங்கும். டயர் உராய்வுக்கும் எதிர்காற்றுக்கும் கணக்குப் போடுவதற்கு முன்பே 3 யூனிட் பேட்டரியில் மூன்றில் ஒரு பங்கு தீர்ந்துவிடுகிறது. "மலையேறியும் ரேஞ்ச் குறையவே இல்லை" என்று ஒருவர் சொன்னால், அவர் இறங்கி வந்த தூரத்தையும் சேர்த்துச் சொல்கிறாரா என்று பாருங்கள்.

விமர்சனம் வெளியான தேதி பலரும் கவனிக்காத விஷயம். 2022-இல் எலக்ட்ரிக் ஸ்கூட்டர்கள் தீப்பற்றியதை அடுத்து, ஏ.ஐ.எஸ். 156 என்ற பேட்டரிப் பாதுகாப்பு விதிகள் கடுமையாக்கப்பட்டு, 2022 டிசம்பரில் தொடங்கி இரண்டு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தன. 2023 ஜூனில், மின்வாகனங்களுக்கான மத்திய அரசின் ஃபேம்-2 திட்டத்தின் மானியம் ஒரு யூனிட் பேட்டரித் திறனுக்கு 15,000 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. 2024 மார்ச் 31-உடன் அந்தத் திட்டமே முடிந்தது. எனவே பழைய விமர்சனத்தில் பார்த்த பேட்டரி இன்றைய வண்டியில் இல்லாமல் இருக்கலாம். "இந்த விலைக்கு இதுதான் சிறந்தது" என்ற முடிவும் காலாவதியாகியிருக்கலாம்.

வாங்குபவரை உண்மையில் வாட்டும் விஷயங்கள் எந்த முதல் வார விமர்சனத்திலும் வர வாய்ப்பில்லை என்பதே என் பெரிய கவலை. இரண்டு கோடைக்குப் பிறகு பேட்டரி எவ்வளவு தாங்குகிறது, உதிரிபாகத்துக்கு எத்தனை நாள் காத்திருக்க வேண்டும், சாஃப்ட்வேர் அப்டேட்டுக்குப் பிறகு வண்டி எப்படி நடந்துகொள்கிறது ஆகியவற்றை நீண்ட நாள் வைத்திருப்பவர்தான் சொல்ல முடியும். ஆகவே அதே மாடலை ஓராண்டு ஓட்டியபின் போட்ட வீடியோக்களைத் தேடுங்கள். ஓடோமீட்டரையும் சர்வீஸ் பில்லையும் காட்டிப் பேசுபவருக்கு முன்னுரிமை கொடுங்கள். புது வண்டி வாங்கிய மகிழ்ச்சியில் இருப்பவரும், வண்டி நின்றுபோன கோபத்தில் இருப்பவரும்தான் உடனே எழுத உட்காருகிறார்கள். இரு தரப்பிலும் ஒரே குறை மறுபடி மறுபடி வந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். விற்பனைத் தளங்களின் நட்சத்திர மதிப்பீடுகளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022-இல் ஐ.எஸ். 19000 என்ற தரநிலையைக் கொண்டுவந்தது; ஆனால் அது அறிமுகமானபோது கட்டாயமாக்கப்படவில்லை.

உங்கள் ஊரில் அந்த மாடலை ஓட்டும் உணவு டெலிவரி ஊழியர் யாராவது இருந்தால், அவரிடம் இரண்டு நிமிடம் பேசுங்கள். நாள் முழுவதும் வெயிலிலும் மழையிலும் ஓட்டுபவர் அவர்; ஒரு சார்ஜில் எவ்வளவு ஓடுகிறது, சர்வீஸுக்கு விட்டால் எப்போது திரும்பக் கிடைக்கும் என்பது அவருடைய வருமானத்தோடு சேர்ந்த கணக்கு. பிறகு ஷோரூமில், பேட்டரி வாரண்டி எத்தனை ஆண்டுக்கு, எத்தனை கிலோமீட்டருக்கு, திறன் எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள் என்பதை எழுத்தில் கேளுங்கள். டெஸ்ட் ரைடை அவர்கள் காட்டும் சாலையோடு முடித்துக்கொள்ளாமல், வீட்டில் ஒருவரைப் பின்னால் உட்காரவைத்து, நீங்கள் தினமும் போகும் மேம்பாலத்தில் ஏறி, 10 கிலோமீட்டருக்குச் சார்ஜ் எத்தனை சதவீதம் குறைகிறது என்று குறித்துவந்து, விமர்சகர் சொன்ன எண்ணோடு ஒப்பிடுங்கள்.