பைக்கில் ஆயில் கசிகிறதா? ஸ்பேனரை எடுக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலையில் வண்டியை நகர்த்தியதும் தரையில் சட்டைப் பொத்தான் அளவுக்குக் கறுப்பாக ஒரு வட்டம் தெரிகிறது. விரலால் தொட்டால் வழவழப்பு. இன்ஜின் ஆயில்தான். குனிந்து பார்த்தால் அடியில் இருக்கும் ட்ரெயின் போல்ட், அதாவது பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் போல்ட், ஈரமாக இருக்கிறது. கையில் ஸ்பேனர் இருப்பவர் அடுத்து என்ன செய்வார்? அந்தப் போல்ட்டை இறுக்குவார்.

நானும் அதைத்தான் செய்தேன். போல்ட் லூஸாகியிருக்கும் என்று நினைத்து, ஸ்பேனரின் பிடியில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி அழுத்தினேன். கொஞ்சம் திரும்பியது. இன்னும் கொஞ்சம் திரும்பியது. அப்புறம் திடீரென்று பிடிமானமே இல்லாமல் சுற்ற ஆரம்பித்தது. கழற்றிப் பார்த்தால், இன்ஜினின் அலுமினிய மரை சுருள் சுருளாகப் போல்ட்டோடு வந்துவிட்டது. ஹெலிகாயில் என்ற கம்பிச் சுருளைப் போட்டு மரையைச் சரிசெய்த பிறகுதான் கவனித்தேன். ஆயில் வந்துகொண்டிருந்தது மேலே கியர் ஷாஃப்ட் சீலிலிருந்து, அதாவது ஷாஃப்ட்டைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் ரப்பர் வளையத்திலிருந்து. அது வழிந்து வந்து போல்ட்டின் தலையில் சேர்ந்து சொட்டியிருக்கிறது. போல்ட் கசியவே இல்லை.

வீட்டில் சரிசெய்யக்கூடிய ஆயில் கசிவுக்குக் காரணம் பெரும்பாலும் ஒரு வாஷர், ஓ-ரிங் எனப்படும் ஒரு ரப்பர் வளையம், அல்லது ஒரு சீல். வேலை சின்னதுதான். கண் பார்த்து முடிப்பதற்குள் கை போய்விடுவதால்தான் அது பெரிதாகிறது.

சொட்டும் இடத்தைக் கசியும் இடம் என்று நினைப்பது

ஆயில் கீழ்நோக்கி வழியும். வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். ஆகவே, ஈரமான பகுதியில் எது மிக உயரத்திலும் மிக முன்னாலும் இருக்கிறதோ, அங்கிருந்துதான் தேட ஆரம்பிக்க வேண்டும். அழுக்கும் பழைய ஆயிலும் அப்பியிருக்கும் இன்ஜினில் இதைக் கண்டுபிடிக்க முடியாது. முதலில் இன்ஜின் நன்றாக ஆறட்டும். டிகிரீஸரோ மண்ணெண்ணெயோ ஊற்றி, பிரஷ் போட்டுத் தேய்த்து, துணியால் துடைத்து, முழுதாகக் காய விடுங்கள். பெட்ரோலால் கழுவாதீர்கள். அதன் ஆவி பூச்சியத்துக்கு 40 டிகிரி கீழே இருக்கும் குளிரில்கூடத் தீப்பற்றக்கூடியது. பக்கத்தில் ஒரு சுவிட்சைப் போட்டாலே போதும்.

காய்ந்த பிறகு, சந்தேகப்படும் இடங்களில் முகப் பவுடரை மெல்லிசாகத் தூவுங்கள். ஏர் ஃபில்டரின் வாய்ப்பக்கம் மட்டும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் இன்ஜினை ஓட விட்டு, டார்ச் அடித்துப் பாருங்கள். ஆயில் வரும் இடத்தில் பவுடர் நனைந்து கருத்த கோடாகத் தெரியும். நின்றபடி ஓடும்போது எதுவும் தெரியாவிட்டால், ஒரு சின்னச் சுற்று ஓட்டிவிட்டு வந்து திரும்பப் பாருங்கள். சில சீல்கள் ஷாஃப்ட் சுழலும்போதும் ஆயில் சூடாகும்போதும்தான் கசியும். மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓட விடாதீர்கள், புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

இன்னொன்று, அது இன்ஜின் ஆயில்தானா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். முன் ஸ்ப்ராக்கெட் கவருக்கு அடியில் கறுப்பாகத் திரண்டிருப்பது பல வண்டிகளில் வெறும் செயின் லூப்தான். ஃபோர்க் குழாயில் வளையமாகத் தெரியும் ஈரம் ஃபோர்க் ஆயில். பச்சை, நீலம், இளஞ்சிவப்பு நிறத்தில் தண்ணீர் போல இருந்தால் அது கூலன்ட். ஏர் ஃபில்டர் பெட்டிக்கு அடியில் மூடி போட்ட சின்னக் குழாய் ஒன்று தொங்கும். அதில் ஆயிலும் தண்ணீரும் கலந்து சேர்வது இயல்பு. அவ்வப்போது மூடியைத் திறந்து வடித்துவிட்டால் போதும்.

கூலன்ட் உள்ள வண்டிகளில் வாட்டர் பம்ப்புக்கு அடியில் சின்னத் துளை ஒன்று இருக்கும். அங்கே ஈரம் கண்டதும் எம்-சீல் வைத்து அடைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உள்ளே இருக்கும் சீல் தேய்ந்துவிட்டது என்று சொல்லத்தான் அந்தத் துளையை வைத்திருக்கிறார்கள். அதை அடைத்தால், வெளியே சொட்ட வேண்டிய கூலன்ட் உள்ளே போய் ஆயிலோடு கலக்க வழி பிறக்கும். அப்புறம் இன்ஜினையே பிரிக்க வேண்டி வரலாம்.

ஆயில் அளவையும் ப்ரீதரையும் பார்க்காமல் விடுவது

கசிகிறதே என்று கொஞ்சம் கூடுதலாக ஊற்றி வைப்பது பலருக்குப் பழக்கம். அதுவே கசிவை அதிகமாக்கும். அளவு கூடினால், சுழலும் பாகங்கள் ஆயிலை அடித்து நுரையாக்கும், உள்ளே அழுத்தம் ஏறும், பலவீனமான சீல் வழியாக வெளியே வரும். ஆயில் ஏர் ஃபில்டர் பெட்டிக்குள்ளும் போய்ச் சேரும். சைடு ஸ்டாண்டில் சாய்த்து வைத்துப் பார்த்த அளவும் தப்பாகத்தான் காட்டும். சமதரையில் வண்டியை நேராக நிறுத்தி, சில நிமிடம் ஓட விட்டு அணைத்து, இரண்டு மூன்று நிமிடம் கழித்துப் பாருங்கள். ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கைத் திருகிப் பார்ப்பதா, சும்மா செருகிப் பார்ப்பதா என்பது வண்டிக்கு வண்டி மாறும். உங்கள் வண்டியோடு வந்த புத்தகத்தில் அது இருக்கும்.

பிஸ்டன் கீழே வரும்போதெல்லாம் அதற்கு அடியில் இருக்கும் காற்றைத் தள்ளுகிறது. அது போக ஒரு வழி வேண்டும், அதற்குத்தான் ப்ரீதர் குழாய். குழாய் மடங்கியிருந்தாலும், உள்ளே பிசுபிசுப்பு அடைத்திருந்தாலும், அந்த அழுத்தம் சீல்களின் மேல் விழும். ஒரே சீலை இரண்டு முறை மாற்றியும் கசிவு நிற்கவில்லை என்றால், மூன்றாவது சீல் வாங்குவதற்கு முன் இந்தக் குழாயைக் கழற்றி ஊதிப் பாருங்கள்.

இறுக்கினால் நின்றுவிடும் என்று நம்புவது

கசிவைத் தடுப்பது போல்ட்டின் வலிமை அல்ல, அதற்கு அடியில் இருக்கும் வாஷர். அலுமினியமோ செம்போ ஆன அந்த மெல்லிய வளையம், ஒரு முறை நசுங்கி இரண்டு பரப்புகளின் மேடுபள்ளங்களையும் நிரப்பிவிடும். ஒரு முறை நசுங்கியது மறுமுறை அதே மாதிரி நசுங்காது. ஆயில் மாற்றும்போதெல்லாம் பழைய வாஷரையே போடுவதுதான் ட்ரெயின் போல்ட் கசிவுக்குப் பொதுவான காரணம். புது வாஷர் போட்டு அளவாக இறுக்கினால் வேலை முடிந்தது.

அளவு என்றால் எவ்வளவு? 12 மில்லிமீட்டர் ட்ரெயின் போல்ட்டுக்குப் பெரும்பாலும் 20 முதல் 30 நியூட்டன் மீட்டர். கவர்களில் இருக்கும் 6 மில்லிமீட்டர் போல்ட்டுகளுக்குச் சுமார் 10 முதல் 12. சரியான எண் உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் வாங்கினால் நல்லது. இல்லையென்றால், குட்டையான ஸ்பேனரால் மணிக்கட்டு பலத்தில் மட்டும் இறுக்குங்கள். தோள்பட்டை பலம் வந்துவிட்டால் மரைக்கு ஆபத்துதான்.

ட்ரெயின் போல்ட் மரையில் பிளம்பர்கள் சுற்றும் டெஃப்லான் டேப்பைச் சுற்றுவதும் வேண்டாம். கிழிந்த துணுக்குகள் உள்ளே போய் ஆயில் வலையில் சிக்கும். மரை வழுக்குவதால், தெரியாமலே அதிகம் இறுக்கிவிடுவீர்கள்.

பேஸ்ட்டை அள்ளி அப்புவது

எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். கிளட்ச் கவரின் ஓரத்தில் லேசாக ஈரம் கண்டதும், வெளியிலிருந்தே சிலிக்கான் பேஸ்ட்டைப் பூசிவிடுகிறார்கள். ஆயில் பட்ட பரப்பில் அது ஒட்டாது. ஒட்டியதாகத் தெரிந்தாலும், உள்ளிருந்து வரும் ஆயில் அதைத் தோலாக உரித்துவிடும். கவரைக் கழற்றி உள்பக்கம் தாராளமாகப் பூசுவது இதைவிட மோசம். இறுக்கும்போது வெளியே பிதுங்கும் பேஸ்ட்டை நாம் துடைத்துவிடுகிறோம். அதே அளவு உள்பக்கமும் பிதுங்குகிறது. அது புழு மாதிரி காய்ந்து, உதிர்ந்து, ஆயில் பம்ப்பின் வலையில் போய் உட்காரும். ஆயில் மேலே ஏறாவிட்டால் முதலில் சாவது பெரும்பாலும், வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட்.

கம்பெனி பேப்பர் கேஸ்கெட், அதாவது பேக்கிங், போட்டிருக்கும் இடத்தில் புதுப் பேக்கிங் போதும். பெரும்பாலும் பேஸ்ட்டே தேவைப்படாது. பேக்கிங்கே இல்லாமல் பேஸ்ட் மட்டும் போடச் சொல்லியிருக்கும் இடங்களில், மெல்லிய ஒரே கோடாக, போல்ட் துளைகளைச் சுற்றிக்கொண்டு போகும்படி போடுங்கள். காய்வதற்கு எவ்வளவு நேரம் என்று டியூபில் எழுதியிருக்கும், பல பேஸ்ட்டுகளுக்கு 24 மணி நேரம். மேல்தோல் காய்ந்ததுமே ஆயில் ஊற்றி ஸ்டார்ட் செய்தால் எல்லாம் வீண்.

பழைய பேக்கிங்கைச் சுரண்டுவதிலும் ஒரு வலி இருக்கிறது. கல் மாதிரி ஒட்டியிருக்கும், பொறுமை போய்விடும், கை ஸ்க்ரூ டிரைவரைத் தேடும். அலுமினியத்தில் அதன் நுனி போடும் ஒரு கீறல், அடுத்த கசிவுக்கு வாய்க்கால். கேஸ்கெட் ரிமூவர் போட்டு ஊறவிட்டு, பிளாஸ்டிக் தகட்டால் தள்ளுங்கள். உப்புத்தாள் வேண்டாம், அதன் மணல் துகள் இன்ஜினுக்குள் போகும். திறந்திருக்கும் பகுதியைச் சுத்தமான துணியால் மூடிவிட்டு வேலை செய்யுங்கள்.

கவர் போல்ட்டுகள் எல்லாம் ஒரே நீளம் அல்ல. கழற்றியதைக் கிண்ணத்தில் மொத்தமாகப் போட்டுவிட்டு, பிறகு குத்துமதிப்பாகச் செருகினால், நீளமானது குட்டையான துளையில் போய் முட்டும். போல்ட் இறுகிவிட்டதாகக் கைக்குத் தோன்றும், ஆனால் கவர் உட்கார்ந்திருக்காது. மேலும் அழுத்தினால் இன்ஜின் கேஸிலேயே விரிசல் விழும். ஒரு அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து, போல்ட் இருக்கும் இடங்களில் துளை போட்டு, கழற்றக் கழற்ற அதிலேயே செருகி வையுங்கள். திரும்பப் பூட்டும்போது எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றில் இறுக்குங்கள்.

சீலும் ஓ-ரிங்கும்

ஆயில் ஃபில்டர் மூடியைத் திறக்கும்போது சில சமயம் பழைய ஓ-ரிங் இன்ஜின் உடலிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். அதைப் பார்க்காமல் புதியதைப் போட்டால், இரண்டு ரிங் ஒன்றின் மேல் ஒன்று நின்று, ஸ்டார்ட் செய்ததும் ஆயில் பீய்ச்சும். பழையதைக் கையில் எடுத்துப் பார்த்த பிறகே புதியதைப் போடுங்கள்.

கியர் ஷாஃப்ட் சீலில் அதிகம் நடக்கும் தவறு, சீலின் உதட்டை, அதாவது ஷாஃப்ட்டைத் தொடும் ரப்பர் விளிம்பைக் கிழிப்பது. ஷாஃப்ட்டின் பல் வெட்டுகள் கத்தி மாதிரி இருக்கும். அதன் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, உதட்டில் கொஞ்சம் ஆயிலோ கிரீஸோ தடவிச் சீலை நுழைத்துவிடுங்கள். சின்ன ஸ்பிரிங் தெரியும் பக்கம் ஆயிலை, அதாவது உள்பக்கத்தைப் பார்க்க வேண்டும். சீலின் வெளிவிட்டத்துக்குச் சமமான சாக்கெட் ஒன்றை வைத்து நேராகத் தட்டுங்கள். பழைய சீலைக் கிளப்பும்போது ஷாஃப்ட்டில் கீறல் விழுந்தால், புதுச் சீலும் கசியும்.

ஆயிலை மாற்றிக் கசிவை நிறுத்தப் பார்ப்பது

கசிவை நிறுத்தும் மருந்து என்று விற்கும் திரவத்தை ஊற்றுவதற்கு முன் யோசியுங்கள். பெரும்பாலான கியர் பைக்குகளில் இன்ஜினுக்கும் கியருக்கும் கிளட்ச்சுக்கும் ஒரே ஆயில்தான். கிளட்ச் தகடுகள் அதில்தான் முங்கிக் கிடக்கின்றன. காருக்கென்று செய்த சேர்மானம் கிளட்ச்சை வழுக்க வைக்கலாம். டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற தரக் குறியீடு போட்டிருக்கும் ஆயில்தான் இந்த வண்டிகளுக்கு ஏற்றது. 10டபிள்யூ-30 என்ற கெட்டித்தன்மையுள்ள ஆயில் கேட்கும் வண்டிக்கு, கெட்டியாக இருந்தால் கசியாது என்று 20டபிள்யூ-50 ஊற்றுவதும் தீர்வல்ல. குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது அது மேலே ஏறத் தாமதமாகும். கிழிந்த சீல் கிழிந்தபடியேதான் இருக்கும்.

எப்போது நிறுத்துவது

சிலிண்டர் ஹெட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவில், அல்லது இன்ஜினின் அடிப்பகுதிக் கூடான கிராங்க் கேஸின் இரண்டு பாதிகள் சேரும் கோட்டில் கசிந்தால், அல்லது கேஸில் விரிசல் தெரிந்தால், அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள். பின் டயரில் ஆயில் பட்டிருந்தால், துடைத்துச் சோப்புப் போட்டுக் கழுவும் வரை வண்டியை எடுக்கவே கூடாது. சின்ன பைக்குகளில் மொத்த ஆயிலே ஒரு லிட்டர் அளவுதான். அதனால் சொட்டு சொட்டாகப் போனாலும் அளவு சீக்கிரம் இறங்கிவிடும். சரிசெய்யும் வரை வண்டி எடுக்கும் ஒவ்வொரு முறையும் அளவைப் பாருங்கள்.

வேலை முடிந்த இரவு, வண்டிக்கு அடியில் ஒரு வெள்ளைக் காகிதத்தை விரித்து வையுங்கள். காலையில் அது காய்ந்திருந்தால் ஒரு சின்ன ஓட்டம் போய்வந்து மறுபடி விரியுங்கள். வடித்த பழைய ஆயிலைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாமல், மூடியுள்ள கேனில் அடைத்து, பழைய ஆயில் எடுத்துக்கொள்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.