மனநல மருத்துவரிடம் போகும் முன்னும் போன பின்னும்: குடும்பத்தினருக்கு ஒரு வழிகாட்டி

வீட்டில் ஒருவருடைய பேச்சும் நடத்தையும் மாறத் தொடங்கினால், இணையத்தில் அறிகுறிகளைத் தேடிப் பார்த்து நோய்க்கு ஒரு பெயர் வைத்துவிடும் அவசரம் பலருக்கும் வருகிறது. பெயர் வைப்பது மருத்துவரின் வேலை. என்ன மாறியிருக்கிறது, எப்போதிலிருந்து, எந்த அளவுக்கு என்று கவனித்துச் சொல்வதுதான் குடும்பத்தின் வேலை. பெரும்பாலான மனநோய்களை உறுதிப்படுத்தும் ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது என்பதால், உடனிருப்பவர்கள் சொல்லும் இந்த விவரத்தையும் நோயாளியுடன் நடத்தும் உரையாடலையும் வைத்தே மருத்துவர் முடிவுக்கு வருகிறார்.

தூக்கம், உணவு, குளியல், வேலை அல்லது படிப்பு, பிறரோடு பழகுவது ஆகிய ஐந்தையும் கவனித்தாலே பெரும்பகுதி பிடிபட்டுவிடும். வருத்தம் எல்லோருக்கும் வரும். ஆனால் இரண்டு வாரங்களுக்கு மேலாக, நாளின் பெரும்பகுதி, எதிலும் நாட்டமில்லாமல், தூக்கமும் பசியும் கெட்டு, அன்றாட வேலையே தடைப்படுமானால் அதை மனச்சோர்வு நோயாகக் கருதி மருத்துவரைப் பார்க்க வேண்டும். நம் ஊர்களில் அது கண்ணீராக வெளிப்படுவதைவிட உடல்வலி, அசதி, எரிச்சல், குடி ஆகியவையாக வெளிப்படுவதே அதிகம் என்பதால், பொது மருத்துவரிடம் மாதக்கணக்கில் வலி மாத்திரை வாங்கிச் சாப்பிட்ட பிறகே பலர் மனநலப் பிரிவுக்கு வருகிறார்கள். மனச்சிதைவு நோய் பெரும்பாலும் பதின்பருவத்தின் இறுதியிலோ இருபதுகளிலோ தொடங்குகிறது. யாருக்கும் கேட்காத குரல் கேட்பதாகச் சொல்வதற்கும், அக்கம்பக்கத்தார் தனக்கெதிராகச் சதி செய்கிறார்கள் என்று உறுதியாக நம்புவதற்கும் பல மாதங்கள் முன்னதாகவே படிப்பில் சரிவும் அறைக்குள் ஒடுங்கிக் கிடப்பதும் தென்படலாம். இதில் சிகிச்சை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது.

தனியாகச் சொல்ல வேண்டியது, சோர்வும் மிகையெழுச்சியும் மாறி மாறி வரும் இருதுருவ மனநோயைப் பற்றி. சோர்ந்து கிடக்கும் காலத்தில்தான் குடும்பம் மருத்துவரிடம் அழைத்துப் போகிறது. அதற்கு முன் ஒருமுறை, இரண்டு மூன்று மணி நேரமே தூங்கியும் களைப்பில்லாமல், ஓயாமல் பேசி, கடன் வாங்கிச் செலவழித்து, பெரிய திட்டங்கள் போட்டுத் திரிந்த வாரங்களை 'அப்போது நன்றாகத்தானே இருந்தான்' என்று சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். அந்தத் தகவல் இல்லாமல் மனச்சோர்வுக்கான மாத்திரையை மட்டும் கொடுத்தால் சிலருக்கு மறுபடியும் அந்த மிகையெழுச்சி நிலை வந்துவிடக்கூடும். எனவே பழைய கதை முழுவதையும் சொல்ல வேண்டும். மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும்.

யாரிடம் போவது

'நரம்பு டாக்டரிடம் காட்டுவோம்' என்பது பல வீடுகளில் எடுக்கப்படும் முதல் முடிவு. மனநல மருத்துவர் என்ற பெயர்ப்பலகை தரும் கூச்சம் அதற்குப் பின்னால் இருக்கிறது. நரம்பியல் மருத்துவர் வலிப்பு, பக்கவாதம் போன்றவற்றைப் பார்ப்பவர். மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் மேற்படிப்பு படித்தவர். மருந்து எழுதுபவர் அவர்தான். மருத்துவ உளவியலாளர் மருந்து எழுதுவதில்லை. உரையாடல் வழிச் சிகிச்சையும் உளவியல் சோதனைகளும் செய்வார், இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். ஆலோசகர் என்ற பெயரை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ள முடிகிறது என்பதால், அவருடைய படிப்பையும் பதிவு எண்ணையும் கேட்பதில் தவறில்லை. லேசான மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் உரையாடல் சிகிச்சை மட்டுமே போதுமானதாக இருக்கலாம்; மனச்சிதைவுக்கும் இருதுருவ நோய்க்கும் மருந்து இன்றியமையாதது.

தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் புறநோயாளிகள் பிரிவு இருக்கிறது. அங்கே மருந்தும் இலவசம். சென்னையில் 1794-இல் தொடங்கப்பட்ட கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை, 1984-இல் தொடங்கிய மனச்சிதைவு ஆராய்ச்சி அறக்கட்டளையான ஸ்கார்ஃப் ஆகியவை நெடுங்கால அனுபவம் உள்ளவை. எங்கே போவது என்றே தெரியாதவர்கள் 14416 என்ற எண்ணை எந்நேரமும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையின் இலவச எண் அது.

கோயிலுக்கும் தர்காவுக்கும் போவதை விட்டுவிடச் சொல்லி யாரையும் வற்புறுத்த வேண்டியதில்லை. மருந்தை விடாமல் வழிபாட்டையும் தொடரலாம். கட்டிப்போட்டு வைக்கும் இடத்தில் மட்டும் யாரையும் விடக்கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தப்பிக்க வழியின்றி இறந்தார்கள். மனநோயாளிகளை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது.

முதல் நாள்

ஒரு பக்கத்தில் எழுதி எடுத்துச் செல்லுங்கள்: மாற்றம் தொடங்கிய மாதம், அதற்கு முன் நடந்த முக்கியமான நிகழ்வுகள், இதற்கு முன் இப்படி வந்ததுண்டா, குடும்பத்தில் வேறு யாருக்கேனும் மனநோயோ தற்கொலை முயற்சியோ இருந்ததா, குடியும் பிற போதையும், சித்த மருந்துகள் உள்பட இப்போது சாப்பிடும் எல்லா மருந்துகளும். அரசு மருத்துவமனைப் புறநோயாளிகள் பிரிவில் கூட்டம் அதிகம், ஒருவருக்குக் கிடைக்கும் நேரம் குறைவு. எழுதிய பக்கம் அங்கே மிகவும் உதவும். தைராய்டுக் குறைபாடும் ரத்தசோகையும் பி12 குறைபாடும் மனச்சோர்வைப் போலவே தோன்றலாம் என்பதால் பழைய பரிசோதனை முடிவுகளையும் கையில் வைத்திருங்கள். நோயாளி மருத்துவரிடம் தனியாகப் பேச அவகாசம் கொடுத்துவிட்டு வெளியே வந்து உட்காருவதும் முக்கியம். சில விஷயங்களைப் பெற்றோர் முன்னாலோ கணவர் முன்னாலோ யாரும் சொல்ல மாட்டார்கள்.

வர மறுப்பவரைத் திருமணத்துக்குப் போகலாம் என்று பொய் சொல்லி அழைத்துப் போவதும், சாம்பாரில் மாத்திரையைக் கலந்து கொடுப்பதும், தெரியவந்த நாளில் நம்பிக்கையை அடியோடு கெடுத்துவிடும். அவருக்கே தொந்தரவாக இருப்பதைப் பிடித்துக்கொள்வது மேல். 'உனக்கு மனநோய்' என்பதை ஏற்காதவர், 'தூக்கமே இல்லையே, அதற்கு மட்டும் பார்ப்போம்' என்பதை ஏற்கக்கூடும். தனக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிக்கும் நிலையில், நோயாளி இசையாவிட்டாலும், நியமனப் பிரதிநிதியின் (சிகிச்சை விஷயத்தில் நோயாளியின் சார்பில் செயல்படச் சட்டப்படி உரிமை பெற்றவர்) விண்ணப்பத்தின் பேரில், இருவர் தனித்தனியே பரிசோதித்த பிறகு, 30 நாட்கள் வரை சேர்க்கச் சட்டம் இடம் தருகிறது. அந்த இருவரில் ஒருவர் மனநல மருத்துவராக இருக்க வேண்டும்.

நீண்ட காலமாக நாள்தோறும் குடிப்பவரை வீட்டிலேயே பூட்டி வைத்துத் திடீரென்று நிறுத்த முயலாதீர்கள். இரண்டு மூன்று நாட்களில் வலிப்பும் குழப்பநிலையும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். குடி நிறுத்தம் மருத்துவக் கண்காணிப்பில் நடக்க வேண்டியது.

மருந்து தொடங்கிய பிறகு

சிகிச்சைகள் பெரும்பாலும் முறிவது இந்தக் கட்டத்தில்தான். மனச்சோர்வு மாத்திரைகள் வேலை செய்யத் தொடங்க இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். குமட்டலும் தலைவலியும் முதல் வாரத்திலேயே வந்துவிடும். பலன் தெரிவதற்குள் பக்கவிளைவு தெரிந்துவிடுவதால் பத்தாம் நாளில் பலர் நிறுத்திவிடுகிறார்கள். இன்னும் சிலர் நன்றாகிவிட்டது என்று மூன்றாம் மாதத்தில் நிறுத்துகிறார்கள். முதல்முறை வந்த மனச்சோர்வுக்கே, குணமான பிறகும் ஏறத்தாழ ஆறு முதல் ஒன்பது மாதங்கள் மருந்தைத் தொடர வேண்டியிருக்கும். நிறுத்தும்போதும் மருத்துவர் சொல்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும். இம்மாத்திரைகளுக்கு அடிமையாகிவிடுவோம் என்ற அச்சம் தேவையற்றது. அந்த அச்சத்துக்குரியவை அல்பிரசோலம் போன்ற தூக்க, பதற்ற மாத்திரைகள். பழைய சீட்டைக் காட்டிக் கடையில் மறுபடி மறுபடி வாங்கக்கூடாதவையும் அவையே.

இருதுருவ நோய்க்குத் தரப்படும் லித்தியம் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு நம் கோடை ஒரு தனிக் கவலை. வியர்த்து உடலில் நீர் குறைந்தாலும், வாந்தி பேதி வந்தாலும், சிலவகை வலி மாத்திரைகளைச் சேர்த்துச் சாப்பிட்டாலும் ரத்தத்தில் லித்தியத்தின் அளவு ஏறி நச்சாகலாம். கை நடுக்கம் அதிகமாகி, பேச்சு குழறி, நடை தள்ளாடினால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ரத்தத்தில் அதன் அளவையும் சிறுநீரகம், தைராய்டு ஆகியவற்றையும் அவ்வப்போது பரிசோதிப்பதைத் தள்ளிப்போடக்கூடாது. மனச்சிதைவு மருந்துகள் சிலவற்றால் எடையும் சர்க்கரையும் கூடலாம். உடல் இறுக்கம் வரலாம். இவற்றை மருத்துவரிடம் சொன்னால் மருந்தையோ அளவையோ மாற்றுவார். சொல்லாமல் நிறுத்தினால் நோய் திரும்பிவிடும்.

உயிரை விட்டுவிடும் எண்ணம் வருகிறதா என்று நேரடியாகக் கேட்கத் தயங்க வேண்டாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. வீட்டிலுள்ள பூச்சிமருந்தையும் மிச்ச மாத்திரைகளையும் அப்புறப்படுத்தி, அவரைத் தனியே விடாமல், 108-ஐயோ 14416-ஐயோ அழையுங்கள். போலீஸ் வழக்குக்குப் பயந்து மருத்துவமனைக்குப் போவதைத் தாமதப்படுத்த வேண்டியதில்லை: தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன உளைச்சலில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும் என்றும், அவரை விசாரணைக்கோ தண்டனைக்கோ உட்படுத்தக்கூடாது என்றும் 2017 சட்டம் சொல்கிறது.

அதே சட்டம், உடல்நோய்க்கு உள்ள அதே அடிப்படையில் மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்கிறது. பாலிசியைப் புதுப்பிக்கும்போது கேட்டுக்கொள்ளுங்கள். மருத்துவரை மாற்ற நேர்ந்தால் பழைய சீட்டுகளையும் மருத்துவப் பதிவுகளின் நகலையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எந்த மருந்து, எந்த அளவில், எத்தனை மாதம் கொடுத்தும் பலிக்கவில்லை என்பது தெரிந்தால், புதிய மருத்துவர் அதையே மறுபடியும் முயன்று காலத்தைக் கடத்த நேராது.