மலையில் ஏசி மாட்டியாச்சா? சில்லென்ற காற்றை நம்பாதீர்கள்

"ஊட்டியில ஏசியா?" என்று கீழே இருக்கும் சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். இங்கே மாட்டுவது பெரும்பாலும் ஹாட் அண்ட் கோல்டு ஏசி. ஜனவரி உறைபனியில் அறையைச் சூடாக்கும், மே மாதத்தில் தேவைப்பட்டால் குளிர்விக்கும். மாட்டி முடித்ததும் மெக்கானிக் 16 டிகிரி வைத்துக் கையை நீட்டச் சொல்வார். சில்லென்று காற்று வரும். சரி, நன்றாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவோம். முதல் தவறே அதுதான்.

அறையே 16, 17 டிகிரியில் இருந்தால் கம்ப்ரசருக்கு வேலையே இல்லை. வெறும் ஃபேன் சுற்றினாலும் காற்று சில்லென்றுதான் வரும். அதனால் முதலில் ரூம் ஹீட்டர் போட்டு அறையை 25 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். (கரி அடுப்பு வேண்டவே வேண்டாம், மூடிய அறையில் உயிரைக் குடித்துவிடும்.) பல மாடல்களில் முன்மூடிக்கு அடியில் ஒரு சின்ன பட்டன் இருக்கும். சில நொடிகள் அழுத்திப் பிடித்தால், அறை எவ்வளவு குளிராக இருந்தாலும் கம்ப்ரசர் ஓடும். எத்தனை நொடி என்பது அந்தந்தக் கையேட்டில் உண்டு. 15 நிமிடம் ஓடட்டும். உள்ளே இழுக்கும் காற்றையும் வெளியே விடும் காற்றையும் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். சுமார் 8 முதல் 12 டிகிரி வித்தியாசம் வேண்டும்.

கேஸ் விஷயத்தில்தான் மலை ஆளை ஏமாற்றும். மிஷின் நின்றிருக்கும்போது ஆர்32 கேஸ் (ஏசிக்குள் சுற்றி வந்து குளிர்விக்கும் வாயு) 35 டிகிரி வெயிலில் சுமார் 300 பிஎஸ்ஐ அழுத்தம் காட்டும். 15 டிகிரியில் 170தான். கோயம்புத்தூர் வெயிலில் பழகியவர் இதைப் பார்த்துவிட்டு, "கேஸ் கம்மியா இருக்கு சார்" என்று ஏற்றத் தொடங்கினால் தடுங்கள். கூடுதல் கேஸ் கம்ப்ரசருக்குத்தான் வினை. கேஸை எடை போட்டுத்தான் ஏற்ற வேண்டும். அந்த எடை வெளி யூனிட் ஸ்டிக்கரிலேயே இருக்கிறது.

வேக்குவம் போடும்போதும், அதாவது பைப்பிலிருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்பு வைத்து உறிஞ்சும்போதும், இதே கதைதான். சமவெளியில் கேஜ் முள் 30 அங்குலத்தை நெருங்கும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், காற்றழுத்தமே குறைவு. முள் 23 பக்கத்திலேயே நின்றுவிடும். பம்பு கெட்டுவிட்டது என்று பாதியில் விட்டால் நம் ஊர் ஈரக்காற்று பைப்புக்குள்ளேயே தங்கிவிடும். பைப்புக்குள் மிச்சமிருக்கும் அழுத்தத்தை நேரடியாகக் காட்டும் மைக்ரான் கேஜ் இருந்தால் குழப்பமில்லை. 500 மைக்ரானுக்குக் கீழே போனால் போதும், எந்த மலையானாலும்.

ஹீட் மோடில் போட்டதும் சூடு வரவில்லை என்று பதறாதீர்கள். உள்ளே காயில் சூடாகும்வரை ஃபேன் சுற்றாது. கடுங்குளிரில் நடுவில் சில நிமிடம் சூடு நின்று, வெளி யூனிட்டிலிருந்து ஆவி கிளம்பும். புகையில்லை அது, படிந்த பனியை மிஷின் தானே உருக்கிக்கொள்கிறது. எர்த்திங்கை எலக்ட்ரீஷியனை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். குரங்கு வரும் வீடானால் வெளி பைப்பின் இன்சுலேஷனுக்கு மேல் கெட்டியான உறை போடுங்கள்.

குன்னூரில் எங்கள் வீட்டில் நடந்தது டிரெயின் பைப் (ஏசி தண்ணீரை வெளியே வடிக்கும் குழாய்) கூத்து. ஜனவரியில் மாட்டி, ஹீட்டில் மட்டும் ஓட்டிப் பார்த்தோம். ஹீட்டில் தண்ணீர் வெளி யூனிட்டில்தான் சொட்டும், உள்ளே ஒரு துளி வராது. மே மாதம் திருப்பூர் மாமா குடும்பத்தோடு வந்து கூலிங் போட்டார். ராத்திரி சுவரெல்லாம் தண்ணீர், கட்டிலில் படுத்திருந்த அத்தை நனைந்து எழுந்தார். டிரெயின் பைப்பின் சரிவு வீட்டுக்குள் பார்த்து இருந்திருக்கிறது. மாட்டிய அன்றே ஒரு சொம்புத் தண்ணீரை உள் யூனிட் தட்டில் ஊற்றியிருந்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்திருக்கும்.