1820-ஆம் ஆண்டு அமெரிக்கக் கணக்கெடுப்புத் தாளை வாசிப்பது எப்படி?

பழைய அமெரிக்கக் கணக்கெடுப்பு என்றதும் வீட்டிலிருந்த எல்லாருடைய பெயரும் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். 1790 முதல் 1840 வரை குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே தாளில் இருக்கும். மற்றவர்கள் வெறும் எண்கள். சுதந்திரமாக வாழ்ந்த ஒவ்வொருவரின் பெயரும் எழுதப்பட்டது 1850-இல்தான். அடிமைகளுக்கு அப்போதும் பெயர் எழுதவில்லை. தனித் தாளில், உரிமையாளரின் பெயருக்குக் கீழே வயதும் பாலினமுமாக வரிசை போட்டார்கள்.

படி 1: தாளை எடுங்கள்

பழைய குடும்பப் பதிவுகளைத் தரும் ஃபேமிலிசர்ச் இணையதளத்தில் இலவசக் கணக்கு போதும். தட்டச்சு செய்த அட்டவணையை நம்பாமல் மூலத்தாளின் படத்தையே திறந்து பாருங்கள் என்பது என் பிடிவாதம். ஆனால் 1830-க்கு முன் அரசு அச்சிட்ட ஒரே மாதிரியான படிவம் கிடையாது. கணக்கெடுப்பை நடத்திய மத்திய அரசு அதிகாரியான மார்ஷலின் உதவியாளர்கள் கையால் கோடு போட்டார்கள். பத்தித் தலைப்பு முதல் பக்கத்தில் மட்டும் இருக்கும் தொகுப்புகளும் உண்டு, ஆகவே அதைத் தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: ஆட்களைக் கூட்டுங்கள்

பலரும் இங்கேதான் சறுக்குகிறார்கள். 1820 தாளில் வெள்ளை ஆண்களுக்கான பத்திகள் இவை: 10-க்குக் கீழ், 10–16, 16–18, 16–26, 26–45, 45-க்கு மேல். மூன்றாவதையும் நான்காவதையும் மறுபடி பாருங்கள். 17 வயதுப் பையன் இரண்டிலும் இருக்கிறான்!

ஒரு வரியில் 2, 1, 1, 2, 1, 0 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆண்கள் ஏழு பேர் அல்லர், ஆறு பேர். 16–18 பத்தியைக் கூட்டலில் சேர்க்கவே கூடாது. விவசாயம், வணிகம், உற்பத்தி ஆகியவற்றில் ஈடுபட்டோர், குடியுரிமை பெறாத வெளிநாட்டவர் என்ற பத்திகளும் அப்படியே. ஏற்கெனவே எண்ணப்பட்டவர்களைத்தான் அவை மறுபடி எண்ணுகின்றன.

படி 3: வளர்ச்சி விகிதம்

நாடு முழுவதற்குமான மொத்தம்:

1790: 39,29,214
1800: 53,08,483
1810: 72,39,881
1820: 96,38,453
1830: 1,28,66,020

முதல் பத்தாண்டில் 35.1 சதவீதம் உயர்வு. இதைப் பத்தால் வகுத்து ஆண்டுக்கு 3.5 என்று எழுதிவிடாதீர்கள். கூட்டு வட்டி போலத்தான் கணக்கிட வேண்டும். விரிதாளில் இதை இடுங்கள்:

=(5308483/3929214)^(1/10)-1

விடை 3.05 சதவீதம். இந்த வேகத்தில் போனால் 23 ஆண்டுகளில் மக்கள்தொகை இரட்டிப்பாகும். இதற்கெல்லாம் லிப்ரே ஆபிஸ் கால்க் என்ற இலவச விரிதாள் மென்பொருள் தாராளம். காசு கொடுத்து மென்பொருள் வாங்காதீர்கள்.

பின்சேர்க்கை: 1820–30 விகிதம் தமக்குச் சற்று வேறாக வருகிறது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். காரணம் தேதி. 1820 கணக்கெடுப்பு ஆகஸ்ட் 7-ஆம் தேதி நிலவரம், 1830-இல் அது ஜூன் 1. இடைவெளி பத்து ஆண்டு முழுதாக இல்லை, ஏறத்தாழ 9.82 ஆண்டுதான். சூத்திரத்தில் 10-க்குப் பதில் 9.82 போட்டால் 2.93 சதவீதம் 2.98 ஆகிறது.

இன்னொன்று: 1800–10 பத்தாண்டின் மொத்த உயர்வு ஏன் 36.4 சதவீதமாக எகிறுகிறது, குடியேற்றமா என்று கேட்கிறார்கள். எல்லை விரிந்ததையும் பாருங்கள். 1803-இல் பிரான்சிடமிருந்து வாங்கிய நிலத்தில் ஒரு பகுதியான ஆர்லியன்ஸ் பிரதேசம், அதாவது கிட்டத்தட்ட இன்றைய லூசியானா, 1810 கணக்கில் 76,556 பேருடன் புதிதாகச் சேர்ந்தது. அதைக் கழித்துவிட்டுப் போட்டுப் பாருங்கள்: 34.9 சதவீதம். முந்தைய பத்தாண்டைவிடக் குறைவு.