சர்வரிலிருந்து வீட்டுக் கணினிக்குக் கோப்புகளைப் பத்திரமாக நகலெடுப்பது எப்படி

தொலைவில் ஓடும் சர்வரிலிருந்து கோப்பை இறக்க எஃப்டிபி என்ற பழைய முறை இன்னும் பல இடங்களில் கிடைக்கிறது. அதைத் தொட வேண்டாம். 1971இல் வந்த அந்த முறையில் பயனர்பெயர், பாஸ்வேர்டு, கோப்பின் உள்ளடக்கம் எல்லாமே மறைப்பில்லாமல் போகும். நடுவழியில் ஒட்டுக்கேட்பவர் அப்படியே படித்துவிடலாம். ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையில் இப்படிப் பாஸ்வேர்டுகள் திருடுபோனதால்தான் 1995இல் அங்கிருந்த ஆய்வாளர் தாத்து இலோனென், எல்லாவற்றையும் குறியாக்கி அனுப்பும் எஸ்எஸ்எச்சை எழுதினார். இன்று பெரும்பாலான லினக்ஸ் சர்வர்களில் இருக்கும் அதன் திறந்தமூல வடிவமான ஓபன்எஸ்எஸ்எச் 1999இல் வந்தது. எஸ்சிபி, எஸ்எஃப்டிபி, ஆர்சிங்க் என்ற மூன்று நகல் கருவிகளும் எஸ்எஸ்எச் என்ற அந்த ஒரே குழாய்க்குள்தான் ஓடுகின்றன.

குறியாக்கத்தை எஸ்எஸ்எச் தானே பார்த்துக்கொள்ளும். தவறு நடப்பது குழாயின் இரண்டு முனைகளில்: எதிரில் இருப்பது நம் சர்வர்தானா என்று பார்க்காமல் விடுவது, சாவியை அலட்சியமாக வைப்பது, வந்த கோப்பு முழுதா என்று பார்க்காமல் மூலத்தை அழிப்பது. அதனால் கட்டளைகளைவிட இவற்றுக்கே இங்கே அதிக இடம்.

கட்டளைகளைத் தமிழில் ஒலிப்படி எழுதியிருக்கிறோம். டெர்மினலில் (கட்டளை தட்டும் ஜன்னலில்) ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து என்று சொல்லாத இடமெல்லாம் சிறிய எழுத்து.

கட்டளையை எங்கிருந்து கொடுப்பது

எப்போதும் வீட்டுக் கணினியிலிருந்து. எஸ்எஸ்எச் மூலம் சர்வருக்குள் நுழைந்து, அங்கே நின்றபடி "என் வீட்டுக்கு அனுப்பு" என்று கட்டளை கொடுத்தால் நடக்காது. வீட்டுக் கணினி ரவுட்டருக்குப் பின்னால் இருக்கிறது. வெளியிலிருந்து வரும் இணைப்பு ரவுட்டரோடு நின்றுவிடும். அதற்காக ரவுட்டரில் போர்ட் (இணைப்பு நுழையும் எண்ணிட்ட வாசல்) திறந்து வைப்பது தேவையில்லாத ஆபத்து. சர்வருக்கு வெளியுலகம் தெரியும் முகவரி இருக்கிறது, ஆகவே ஏற்றினாலும் இறக்கினாலும் இணைப்பைத் தொடங்குவது வீடாகவே இருக்கட்டும்.

விண்டோஸ் 10இன் 2018 வெளியீடுகளிலிருந்து எஸ்எஸ்எச், எஸ்சிபி, எஸ்எஃப்டிபி மூன்றும் கூடவே வருகின்றன. பவர்ஷெல்லைத் திறந்து தட்டினால் போதும். மேக்கிலும் லினக்ஸிலும் ஏற்கெனவே இருக்கும். ஆர்சிங்க் விண்டோஸில் இல்லை, அதற்கு விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் வேண்டும்.

முதல் இணைப்பும் கைரேகையும்

முதல் தடவை இணையும்போது "இந்தச் சர்வரை எனக்குத் தெரியாது, தொடரவா" என்று கேட்டு, எஸ்எச்ஏ256 என்று தொடங்கும் ஒரு நீண்ட கைரேகையை (சர்வரின் அடையாளச் சாவியின் சுருக்கம்) எஸ்எஸ்எச் காட்டும். கிட்டத்தட்ட எல்லோரும் யோசிக்காமல் "யெஸ்" தட்டுகிறோம். நடுவில் வேறொரு இயந்திரம் நம் சர்வர் போல நடித்தால் அதைப் பிடிக்கக் கிடைக்கும் ஒரே தருணம் இதுதான். அதன்பின் அந்த அடையாளம் வீட்டுக் கணினியின் நோன்_ஹோஸ்ட்ஸ் கோப்பில் பதிந்துவிடும், எஸ்எஸ்எச் மறுபடி கேட்காது.

சரிபார்க்க வேறொரு வழியாகச் சர்வரை எட்ட வேண்டும். வாடகைச் சர்வர் தரும் நிறுவனங்களின் இணையதளத்தில் பெரும்பாலும் ஒரு கன்சோல் (எஸ்எஸ்எச் இல்லாமலே சர்வரில் கட்டளை கொடுக்கும் திரை) இருக்கும். அதற்குள் போய் இதைக் கொடுங்கள்:

எஸ்எஸ்எச்-கீஜென் -எல்எஃப் /இடிசி/எஸ்எஸ்எச்/எஸ்எஸ்எச்_ஹோஸ்ட்_இடி25519_கீ.பப்

வரும் கைரேகையை நகலெடுத்து, வீட்டில் கேள்வி நிற்கும் இடத்தில் "யெஸ்" என்பதற்குப் பதில் அதையே ஒட்டுங்கள். ஓபன்எஸ்எஸ்எச் 8.0 முதல் இது வேலை செய்யும். பொருந்தினால்தான் இணைப்பு தொடரும், கண்ணால் ஒப்பிடும் வேலை மிச்சம்.

பின்னொரு நாள் "சர்வரின் அடையாளம் மாறிவிட்டது" என்று பெரிய எச்சரிக்கை வந்தால், சர்வரைப் புதிதாக நிறுவினீர்களா, முகவரி வேறு இயந்திரத்துக்குப் போனதா என்று பாருங்கள். காரணம் தெரிந்தால் எஸ்எஸ்எச்-கீஜென் கட்டளையோடு பெரிய எழுத்து ஆரும் சர்வர் பெயரும் கொடுத்து பழைய பதிவை நீக்கி, மறுபடி கன்சோல் வழியே சரிபாருங்கள். காரணம் தெரியாவிட்டால் இணைய வேண்டாம்.

சாவி

பாஸ்வேர்டுக்குப் பதில் சாவி ஜோடி: வீட்டிலேயே இருக்கும் தனிச்சாவி, சர்வருக்குப் போகும் பொதுச்சாவி. வீட்டுக் கணினியில்:

எஸ்எஸ்எச்-கீஜென் -டி இடி25519

சாவியைப் பூட்டும் கடவுத்தொடர் கேட்கும்போது வெறும் என்டர் தட்டிவிடாதீர்கள். கடவுத்தொடர் இல்லாத சாவி, மடிக்கணினியோடு சேர்ந்து திருடுபோனால் அந்த நிமிடமே சர்வர் திறந்துவிடும். ஒவ்வொரு முறையும் தட்டுவது சலிப்பாக இருந்தால் எஸ்எஸ்எச்-ஏஜென்ட் அதை நினைவில் வைத்துக்கொள்ளும்.

உருவாகும் இரண்டு கோப்புகளில் .பப் என்று முடிவது மட்டும் சர்வருக்குப் போக வேண்டும். எஸ்எஸ்எச்-காப்பி-ஐடி என்ற கட்டளை அதைச் செய்யும். விண்டோஸில் அது இல்லாததால், .பப் கோப்பிலுள்ள ஒற்றை வரியைச் சர்வரின் ~/.எஸ்எஸ்எச்/ஆத்தரைஸ்டு_கீஸ் கோப்பின் (~ என்றால் உங்கள் ஹோம் ஃபோல்டர்) கடைசியில் ஒட்டுங்கள். ஒட்டும்போது வரி இரண்டாக உடைந்தால் சாவி செல்லாது.

சாவி சரியாக இருந்தும் சர்வர் பாஸ்வேர்டு கேட்டால், முதலில் சந்தேகப்பட வேண்டியது அனுமதிகளை. .எஸ்எஸ்எச் ஃபோல்டருக்கு 700, ஆத்தரைஸ்டு_கீஸுக்கு 600; இரண்டுமே உரிமையாளரைத் தவிர யாரும் தொட முடியாது என்று பொருள். பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். பயனரின் ஹோம் ஃபோல்டரிலேயே மற்றவர்கள் எழுத முடியும் என்றிருந்தாலும் சர்வர் அந்தச் சாவியை நம்பாது, காரணத்தையும் நமக்குச் சொல்லாது. சர்வரின் நிகழ்வுப் பதிவேடான லாகில்தான் எழுதிவைக்கும். வீட்டுப் பக்கம் தனிச்சாவிக்கும் 600 வேண்டும். பிறர் படிக்கக்கூடிய சாவியை எஸ்எஸ்எச் பயன்படுத்த மறுத்துவிடும்.

சாவி வேலை செய்ததும் சர்வரில் பாஸ்வேர்டு நுழைவை நிறுத்திவிடலாம். ஆனால் ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பை மூடாமல், இன்னொரு டெர்மினலில் புதிதாக நுழைந்து பார்த்த பிறகே மூடுங்கள். அமைப்பில் ஒரு எழுத்துப் பிழை இருந்தாலும் வெளியே மாட்டிக்கொள்வீர்கள்.

சர்வர் விவரங்களை வீட்டுக் கணினியின் ~/.எஸ்எஸ்எச்/கான்ஃபிக் கோப்பில் எழுதிவைப்பது நல்லது. ஹோஸ்ட் என்ற வரியில் "கிடங்கு" போல ஒரு சின்னப் பெயர், கீழே ஹோஸ்ட்நேம், யூசர், போர்ட், ஐடென்டிட்டிஃபைல், சர்வர்அலைவ்இன்டர்வல் 60. மூன்று கருவிகளும் இதைப் படிக்கும். முக்கிய லாபம் போர்ட்டில்: எஸ்எஸ்எச் கட்டளையில் போர்ட்டுக்குச் சிறிய பி, எஸ்சிபியிலும் எஸ்எஃப்டிபியிலும் பெரிய பி. எஸ்சிபியில் சிறிய பி என்றால் கோப்பின் நேரத்தைக் காப்பது என்று பொருள். மாற்றிப் போட்டால் போர்ட் எண்ணைக் கோப்புப் பெயர் என்று நினைத்துத் தேடும். கான்ஃபிக்கில் எழுதிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. கடைசி வரி 60 விநாடிக்கு ஒருமுறை உயிர்த்துடிப்பு அனுப்பி, சும்மா கிடக்கும் இணைப்பை ரவுட்டர் துண்டிக்காமல் காக்கும்.

ஓரிரு கோப்புகளுக்கு எஸ்சிபி

எஸ்சிபி கிடங்கு:/வார்/பேக்கப்/கணக்கு.ஜிப் .

கடைசிப் புள்ளி "இப்போது நிற்கும் ஃபோல்டர்" என்று பொருள். முழு ஃபோல்டருக்கு -ஆர் சேருங்கள். சர்வர் பெயருக்குப் பின்னுள்ள முக்காற்புள்ளிதான் எல்லாம்: கோப்பை ஏற்றும்போது அதை மறந்தால் எந்தப் பிழையும் காட்டாமல், வீட்டுக் கணினியிலேயே "கிடங்கு" என்ற பெயரில் ஒரு நகல் உருவாகும். ஏற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள். சர்வர்ப் பக்கப் பாதையில் நட்சத்திரக் குறி இருந்தால் முழுப் பாதையையும் மேற்கோளுக்குள் வையுங்கள். இல்லாவிட்டால் அதை வீட்டு ஷெல் (கட்டளையைப் படித்து ஓட்டும் நிரல்) விரிக்கப் பார்க்கும்.

2022இல் வந்த ஓபன்எஸ்எஸ்எச் 9.0 முதல் எஸ்சிபி உள்ளுக்குள் எஸ்எஃப்டிபி நெறிமுறையில்தான் பேசுகிறது. பழைய சர்வரிலோ சின்னக் கருவிகளிலோ எஸ்எஃப்டிபி இல்லையென்றால் நகல் தோற்கும். பெரிய எழுத்து ஓ சேர்த்தால் பழைய முறைக்குத் திரும்பும். அறுந்த இடத்திலிருந்து எஸ்சிபியால் தொடர முடியாது.

சர்வரில் என்ன இருக்கிறது என்று பார்த்துப் பார்த்து எடுக்க எஸ்எஃப்டிபி வசதி: உள்ளே எல்எஸ், சிடி, கெட், புட் போதும், அறுந்த இறக்கத்தைத் தொடர ரீகெட். ஜன்னலில் இழுத்து விட விரும்பினால் வின்எஸ்சிபி அல்லது ஃபைல்ஸில்லா. புது இணைப்பை அமைக்கும்போது எஸ்எஃப்டிபியைத் தேர்ந்தெடுங்கள், போர்ட் 22. எஃப்டிபிஎஸ் பெயரில் நெருக்கமாக இருந்தாலும் முற்றிலும் வேறு நெறிமுறை.

பெரிய வேலைக்கு ஆர்சிங்க்

நிறையக் கோப்புகள், அடிக்கடி நகல், அறுந்துபோகும் இணைப்பு என்றால் ஆர்சிங்க்தான். இரண்டு முனைகளிலும் நிறுவியிருக்க வேண்டும்.

ஆர்சிங்க் -ஏவிபி கிடங்கு:படங்கள்/ ~/நகல்/படங்கள்/

இதில் கடைசி பி பெரிய எழுத்து. அது முன்னேற்றத்தைக் காட்டும், பாதியில் அறுந்த கோப்பைத் தூக்கி எறியாமல் வைக்கும். அதே கட்டளையை மறுபடி கொடுத்தால் வந்தவரை பயன்படுத்திக்கொள்ளும். அந்த அரைகுறைக் கோப்பு முழுப்பெயரோடேயே ஃபோல்டரில் கிடக்கும் என்பதை நினைவில் வையுங்கள், பெயரைப் பார்த்து முடிந்துவிட்டது என்று முடிவுகட்ட முடியாது.

முகவரியில் இரட்டை முக்காற்புள்ளி போட்டால் ஆர்சிங்க் எஸ்எஸ்எச்சை விட்டுவிட்டு, 873ஆம் போர்ட்டில் குறியாக்கமே இல்லாமல் பேச முயலும். ஒற்றைப் புள்ளியளவு தட்டுப்பிழையில் பாதுகாப்பு போய்விடும்; என்டர் தட்டும் முன் ஒருமுறை பாருங்கள்.

மூலப் பாதையின் கடைசியில் வரும் சாய்கோடு அர்த்தத்தையே மாற்றும். சாய்கோடு இருந்தால் ஃபோல்டருக்குள் இருப்பவை வரும். இல்லாவிட்டால் ஃபோல்டரே வரும். --டெலீட் சேரும்போது இது விபத்தாகிறது. அந்த விருப்பம், சர்வரில் இல்லாததையெல்லாம் வீட்டு ஃபோல்டரிலிருந்து அழிக்கும். சாய்கோட்டோடு "படங்கள்/" என்று கொடுத்து, சேருமிடமாக உங்கள் மொத்த ஆவண ஃபோல்டரைக் காட்டினால், படங்கள் தவிர எல்லா ஆவணமும் போய்விடும். சர்வரில் அந்த வட்டு மவுன்ட் ஆகாமல் (இணைக்கப்படாமல்) ஃபோல்டர் காலியாக இருந்தாலும் அதே கதிதான்: வீட்டு நகலும் காலி. --டெலீட் உள்ள கட்டளையை முதலில் -என் சேர்த்து ஒத்திகை பாருங்கள். எது அழியும் என்று பட்டியலிடும், எதையும் தொடாது. --மேக்ஸ்-டெலீட்=50 போல ஒரு வரம்பும் வையுங்கள்.

கோப்பு மாறியதா என்பதை அளவையும் மாற்றிய நேரத்தையும் வைத்துத்தான் ஆர்சிங்க் முடிவு செய்கிறது. முதல் நகலை எஸ்சிபியில் சிறிய பி இல்லாமல் எடுத்திருந்தால் நேரங்கள் எல்லாம் மாறியிருக்கும், ஆர்சிங்க் ஒவ்வொரு கோப்பையும் மறுபடி அலசும். சுருக்கி அனுப்பும் -இசட் எழுத்துக்கோப்புகளுக்கு நல்லது. ஜிப், ஜேபெக், வீடியோவுக்கு வீண் வேலை.

நேரத்தை முன்கூட்டியே கணக்கிடுங்கள். 10 ஜிபி, 40 எம்பிபிஎஸ் வேகம் என்றால் குறைந்தது 33 நிமிடம். அதையே வீட்டிலிருந்து 5 எம்பிபிஎஸ்ஸில் ஏற்றினால் நாலரை மணி நேரம்.

ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸின் கோப்புகளை எதைக் கொண்டும் நேரடியாக நகலெடுக்காதீர்கள். நகல் ஓடும்போதே கோப்பு மாறுவதால், முன்பாதி பழையது, பின்பாதி புதியது என்றாகி, திறக்கும்போது உடைந்திருக்கும். முதலில் டம்ப் (டேட்டாபேஸின் ஏற்றுமதிக் கோப்பு) எடுத்து, அந்த டம்ப்பை இறக்குங்கள். எல்லா அதிகாரமும் உள்ள ரூட் கணக்குக்கு மட்டும் உரிய கோப்புகளுக்காக ரூட் நுழைவைத் திறக்கவும் வேண்டாம். ரூட் அதிகாரத்தை ஒரு கட்டளைக்கு மட்டும் தரும் சுடோவால் உங்கள் ஹோம் ஃபோல்டருக்கு நகலெடுத்து, உரிமையாளரை மாற்றி, இறக்கியபின் அழியுங்கள்.

மாட்டும் இடங்கள்

"கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு" என்றால் பெரும்பாலும் இயந்திரம் வரை போய்விட்டீர்கள், அந்தப் போர்ட்டில் கேட்க ஆளில்லை. "டைம்டு அவுட்" என்றால் அநேகமாக ஃபயர்வால் விழுங்குகிறது, அல்லது முகவரி தவறு. எஸ்எஸ்எச் நுழைகிறது, ஆனால் எஸ்எஃப்டிபி "ரிசீவ்டு மெசேஜ் டூ லாங்" என்று ஒரு பிரம்மாண்ட எண்ணோடு நிற்கிறது என்றால், சர்வரில் நுழையும்போது ஓடும் .பாஷ்ஆர்சி கோப்பில், திரையில் எழுதும் எக்கோ வரி ஏதோ வாழ்த்துச் சொல்கிறது. அந்த வாழ்த்தின் முதல் 4 எழுத்துகளை எஸ்எஃப்டிபி செய்தியின் நீளம் என்று படித்துவிடுகிறது. அந்த வரியை நீக்குங்கள்.

லினக்ஸில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு பெயர்கள். விண்டோஸிலும் மேக்கிலும் வழக்கமாக ஒன்றே. எழுத்தளவில் மட்டும் வேறுபடும் இரண்டு கோப்புகளில் ஒன்று சத்தமில்லாமல் மற்றதன் மேல் எழுதப்படும். இப்படிப்பட்டவற்றைச் சர்வரிலேயே டார் கட்டி ஒரே கோப்பாக இறக்குங்கள்.

சரிபார்த்த பின் அழிப்பது

சர்வரில் எஸ்எச்ஏ256சம் கட்டளையோடு கோப்பின் பெயரைக் கொடுத்தால் 64 எழுத்துள்ள ஒரு மதிப்பு வரும். வீட்டில் லினக்ஸ் என்றால் அதே கட்டளை, மேக்கில் ஷாசம் -ஏ 256, விண்டோஸில் செர்ட்யூட்டில் -ஹேஷ்ஃபைல், கோப்பின் பெயர், எஸ்எச்ஏ256. இரண்டும் ஒன்றானால் கோப்பு முழுசாக வந்திருக்கிறது. கோப்புகள் ஏராளம் என்றால், ஆர்சிங்க் கட்டளையை -என், -சி இரண்டும் சேர்த்து மறுபடி ஓட்டுங்கள். உள்ளடக்கத்தையே ஒப்பிட்டு, வேறுபடும் பெயர்களை மட்டும் காட்டும். இதற்குப் பிறகுதான் சர்வரிலுள்ள மூலத்தை அழிக்கலாம்.

மடிக்கணினியை விற்றாலோ தொலைத்தாலோ, ஆத்தரைஸ்டு_கீஸ் கோப்பைத் திறந்து அந்த இயந்திரத்தின் வரியை அழித்துவிடுங்கள். ஒவ்வொரு வரியின் முடிவிலும் பயனர்பெயரும் கணினியின் பெயரும் குறிப்பாக இருக்கும். சாவி செய்யும்போதே -சி என்பதைப் பெரிய எழுத்தில் போட்டு அடையாளம் தெரியும்படி நீங்களே ஒரு குறிப்பு கொடுத்திருந்தால், எந்த வரியை அழிப்பது என்று தடுமாற வேண்டியிருக்காது.