அன்டிபொடி இரத்தப் பரிசோதனைக்குக் கொழும்பில் காசு கட்டுமுன்: முதல் தடவை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பின்னேரமானால் அப்பாவின் இடது கண் இமை சரியத் தொடங்கியது. வெள்ளவத்தையில் சேனல் பண்ணிப் பார்த்த நரம்பியல் டொக்டர் துண்டில் ஒரு வரி எழுதித் தந்தார்: அசிற்றைல்கோலின் றிசெப்டர் அன்டிபொடி. பள்ளிக்கூடத்தில் பிறபொருளெதிரி என்று படித்தோமே, அதுதான். "பிளட் டெஸ்ட்தானே" என்று போனவர்கள் பில்லைப் பார்த்துத் திகைத்து நின்றோம். அந்தத் திகைப்பு உங்களுக்கு வேண்டாமென்றுதான் இதை எழுதுகிறேன்.

படி 1: துண்டைப் படம் எடுங்கள்

டொக்டரின் அறையை விட்டு வெளிவரும் முன்பே சோதனையின் முழுப் பெயரை ஆங்கில எழுத்தில் தெளிவாக எழுதி வாங்கி, போனில் படம் எடுத்து வையுங்கள். அன்டிபொடிகளின் பெயர்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும், விலைகளோ ஒத்திருக்காது. எங்களுக்கு நடந்தது இதுதான். கவுண்டரில் இருந்த பிள்ளை இரண்டு அன்டிபொடி சேர்ந்த தொகுதியைப் பதிந்துவிட்டார். டொக்டர் கேட்டது ஒன்று. மற்றையது, மஸ்க் என்பது, பொதுவாக முதலாவது இல்லையென்று வந்தால் பார்ப்பது. பில்லை வீட்டில் வாசித்தபோதுதான் விளங்கியது. கட்டின காசு கட்டினதுதான்.

படி 2: இரண்டாவது சோதனைக்கும் கணக்குப் போடுங்கள்

இதை யாரும் சொல்வதில்லை. இந்தச் சோதனை மயஸ்தீனியாவுக்கு, அதாவது தசைகள் சீக்கிரம் களைத்துச் சோரும் நோய்க்கு, எழுதுவது. அது உடல் முழுதும் பரவியவர்களில் 100 பேரில் ஏறத்தாழ 85 பேரின் இரத்தத்தில் இந்த அன்டிபொடி இருப்பது தெரியவரும். நோய் கண்ணோடு மட்டும் நின்றவர்களில் பாதிப்பேரில்தான் தெரியவரும். ஆகவே "இல்லை" என்று வந்தால் அலைச்சல் அத்தோடு முடியாது. "நெகட்டிவ் வந்தால் அடுத்து என்ன எழுதுவீங்க டொக்டர்?" என்று முதல் நாளே கேட்டு, அதன் விலையையும் சேர்த்து விசாரியுங்கள்.

மூட்டுவாதம், லூப்பஸ் சந்தேகத்துக்கு எழுதும் ஏ.என்.ஏ. என்ற இன்னொரு அன்டிபொடி சோதனை இதற்கு நேரெதிர். இரத்த மாதிரியை 1:40 என்று கொஞ்சமாக ஐதாக்கிப் பார்த்தால் ஆரோக்கியமானவர்களிலேயே ஏறத்தாழ 30 சதவீதம் பேருக்கு பொசிட்டிவ் வரும். 1:160 என்று இன்னும் ஐதாக்கினாலும் 5 சதவீதம் பேருக்கு வரும். டொக்டர் சொல்லாமல் நீங்களாக ஒரு பக்கேஜில் இதைச் செய்துவிட்டால், டி.எஸ்.டி.என்.ஏ., ஈ.என்.ஏ. என்று அடுத்தடுத்த சோதனைகளால் பில் வால் போல் நீளும், வெறும் பயத்துக்காக.

படி 3: அரச வழியை முதலில் பாருங்கள்

தேசிய வைத்தியசாலையிலோ வேறு அரச வைத்தியசாலையிலோ ஏற்கெனவே கிளினிக் கொப்பி இருந்தால், அங்குள்ள டொக்டரிடமே கேளுங்கள். கிளினிக்கிலோ வார்டிலோ கோரிக்கைப் படிவம் எழுதி மாதிரியை அனுப்பினால் நீங்கள் காசு கட்டுவதில்லை. பொரளையில் உள்ள வைத்திய ஆராய்ச்சி நிறுவகத்தில் நோயெதிர்ப்புப் பரிசோதனைப் பிரிவு இருக்கிறது. அதை எல்லோரும் எம்.ஆர்.ஐ. என்பார்கள், ஸ்கேனுக்கும் அதே பெயர். "எம்.ஆர்.ஐ.க்குப் போகச் சொன்னாங்க" என்று மாமி சொன்னதைக் கேட்டு நாங்கள் ஸ்கேன் விலை விசாரித்த கதையும் உண்டு.

சில வேளை "ரீஏஜன்ட் இல்லை, வெளியில செய்து கொண்டு வாங்க" என்பார்கள் (ரீஏஜன்ட் என்பது சோதனைக்குரிய இரசாயனம்). அப்போது எப்போது வரும் என்றும், அதுவரை காத்திருப்பது நோய்க்குச் சரிவருமா என்றும் டொக்டரிடம் கேட்டுவிட்டே தனியாருக்குப் போங்கள்.

படி 4: மூன்று லாபுக்காவது போன் பண்ணுங்கள்

2021 ஆகஸ்டில் கொரோனா பீ.சீ.ஆருக்கு 6,500 ரூபாய், அன்டிஜெனுக்கு 2,000 ரூபாய் என்று அரசு உச்சவிலை போட்டது நினைவிருக்கும். அந்தப் பழக்கத்தில் எல்லா இடமும் ஒரே விலைதான் என்று நினைத்துவிடாதீர்கள். விலையை மட்டும் கேட்டு போனை வைக்காமல் இவற்றையும் கேளுங்கள்:

"இஞ்சயே செய்யிறீங்களா, வெளிநாட்டுக்கு அனுப்புறீங்களா?" அனுப்புவதென்றால் அனுப்பும் செலவு சொன்ன விலைக்குள் அடக்கமா, எந்தக் கிழமையில் பார்சல் போகும் என்பதும் வேண்டும். பார்சல் போன மறுநாள் இரத்தம் கொடுத்தால் அடுத்த பார்சல் வரை காத்திருக்க வேண்டிவரும்.

"எந்த முறை?" எலைசாவா, வேறொன்றா. முறை மாறினால் எண்களை ஒப்பிட முடியாது. திரும்பச் செய்யவேண்டி வந்தால் அதே லாபுக்கே போகவேண்டும் என்பதால் இன்றைய மலிவு நாளைக்கும் மலிவா என்று யோசியுங்கள்.

"மாதிரி பழுதானால் திரும்ப எடுக்கக் காசா?" வீட்டுக்கு வந்து எடுப்பதற்குத் தனிக் கட்டணமா என்பதையும் இதோடு கேளுங்கள்.

படி 5: இரத்தம் கொடுக்கும் நாள்

பெரும்பாலான அன்டிபொடி சோதனைகளுக்கு வெறும் வயிறு தேவையில்லை. ஆனால் ஐ.வி.ஐ.ஜி. (மற்றவர்களின் இரத்தத்திலிருந்து எடுத்த அன்டிபொடி மருந்து) ஏற்றுமுன், பிளாஸ்மா (இரத்தத்தின் நீர்ப்பகுதி) மாற்றுமுன் எடுத்துவிட வேண்டும். ஏற்றிய பிறகு எடுத்தால் வேறொருவரின் அன்டிபொடியும் கலந்து தெரியலாம். மாற்றிய பிறகு உங்களுடையதே குறைந்து தெரியலாம். இரண்டிலும் காசு வீண். முடி, நகத்துக்கென்று பயோட்டின் மாத்திரை போடுகிறவர்கள் அதையும் முன்கூட்டியே சொல்லுங்கள். சில முறைகளில் அது முடிவைக் குழப்பும்.

படி 6: கடதாசிகள்

அரச ஊழியர்கள் அக்ரஹார காப்புறுதியில் எது சேரும் என்று முதலில் கேளுங்கள். தனியார் காப்புறுதி என்றால், வார்டில் தங்காமல் செய்த பரிசோதனைக்குத் தருவார்களா என்பதுதான் முதற் கேள்வி. துண்டின் மூலப் பிரதியை லாபில் விட்டுவிட்டு வராதீர்கள். ரிப்போட் காட்டப் போகும்போது சேனல் காசு மறுபடி கட்ட வேண்டுமா என்று டொக்டரின் உதவியாளரிடம் கேட்பதில் வெட்கமில்லை.

பில்லில் பெயரைச் சரிபாருங்கள். அப்பாவின் முதலெழுத்துகள் அடையாள அட்டையில் ஒரு மாதிரி, பில்லில் இன்னொரு மாதிரி. காப்புறுதிக்காரர் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மழைக்குள் மீண்டும் லாபுக்குப் போய்த் திருத்திய பில் வாங்கி வந்தோம். அதற்கு மட்டும் காசு கேட்கவில்லை.