எலீட் ஆட்டத்தின் கோள்களுக்குப் பெயர் வந்த கணக்கு: நீங்களே போட்டுப் பார்க்கும் செய்முறை

1984 செப்டம்பரில் பிபிசி மைக்ரோ கணினிக்காக ஏக்கார்ன்சாஃப்ட் வெளியிட்ட ‘எலீட்’ விண்வெளி ஆட்டத்தை உருவாக்கியவர்கள், கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த டேவிட் பிரேபனும் இயன் பெல்லும் ஆவர். 100 கிரெடிட் பணத்துடனும் ஒரு கப்பலுடனும் தொடங்கி, கோளுக்குக் கோள் சரக்கு வாங்கி விற்று, கொள்ளையரைச் சமாளித்துப் பிழைப்பதே ஆட்டம். மதிப்பெண்ணும் மூன்று உயிர்களும் இல்லையே என்று தார்ன் இஎம்ஐ நிறுவனம் இதை வெளியிட முன்னரே மறுத்திருந்தது. அந்தக் கணினியின் நினைவகம் வெறும் 32 கிலோபைட்; ஆட்டத்திலோ 8 விண்மீன் மண்டலங்களில் மொத்தம் 2048 கோள்கள். அவை எங்கும் சேமித்து வைக்கப்படவில்லை, வேண்டும்போதெல்லாம் கணக்கிட்டு எடுக்கப்பட்டன. அந்தக் கணக்கைத் தாளும் கால்குலேட்டரும் கொண்டு நாமே செய்துவிடலாம்.

படி 1: முதல் மண்டலத்தின் விதை எண்களான (கணக்கு தொடங்கும் எண்கள்) 23114, 584, 46931 ஆகியவற்றை இதே வரிசையில் எழுதிக்கொள்ளுங்கள்.

படி 2: முதல் எண்ணை 128-ஆல் வகுத்து மீதியைப் பாருங்கள். அது 64 அல்லது அதற்கு மேல் இருந்தால் பெயருக்கு நான்கு எழுத்து இணைகள் (இணை என்பது இரண்டு ஆங்கில எழுத்துகள்; இங்கே அவற்றின் ஒலியைத் தமிழில் தருகிறேன்), குறைந்தால் மூன்று. இங்கே மீதி 74, ஆகவே நான்கு.

படி 3: மூன்றாவது எண்ணை 256-ஆல் வகுத்து, தசமப் பகுதியை விட்டுவிட்டு, கிடைத்ததை 32-ஆல் வகுத்து மீதியை எடுங்கள். 46931-க்கு முதலில் 183, பிறகு மீதி 23 வரும். ஆட்டத்தின் 32 இணைகள் கொண்ட பட்டியலில் 23 என்பது ‘தி’. நமக்கு இப்போது தேவைப்படும் மற்றவை: 13 ‘டி’, 19 ‘பே’, 24 ‘எட்’, 26 ‘க்யூ’, 0 வெற்றிடம்.

படி 4: மூன்று எண்களையும் கூட்டுங்கள். 65536 அல்லது அதற்கு மேல் போனால், அதற்குக் கீழே வரும்வரை 65536-ஐக் கழியுங்கள். 70629-இலிருந்து 5093 கிடைக்கும். முதல் எண்ணை அடித்துவிட்டு இதைக் கடைசியில் சேருங்கள். பெரும்பாலோர் சறுக்கும் இடம் இந்தக் கழித்தல்தான்.

படி 5: மூன்றாம், நான்காம் படிகளை மாறிமாறிச் செய்தால் அடுத்தடுத்து 5093, 52608, 39096 வரும், இணைகள் 19, 13, 24. எல்லாம் சேர்ந்தால் ‘திபேடியெட்’. முதல் கோள் இதுவே.

படி 6: நான்காம் முறையும் கூட்டினால் கையில் மிஞ்சும் 52608, 39096, 31261 ஆகியவை இரண்டாம் கோளின் விதை. இதில் மூன்றே இணைகள்: 26, 0, 19. நடுவில் உள்ள வெற்றிடத்தைத் தாண்டினால் ‘க்யூபே’. பெயரின் நீளம் எதுவானாலும் ஒவ்வொரு கோளுக்கும் நான்கு முறை கூட்டியே ஆக வேண்டும் என்பதை மறவாதீர்கள். எட்டாம் கோளில் 21-உம் 22-உம் வந்து ‘லாவே’ கிடைத்தால் உங்கள் கணக்கு சரி. ஆட்டம் தொடங்குவது அங்கேதான்.

கோளின் பொருளாதாரம், அரசு, தொழில்நுட்ப நிலை அனைத்தும் இதே மூன்று எண்களிலிருந்தே பிறக்கின்றன. இருவரும் முதலில் திட்டமிட்டது 2-இன் 48-ஆம் அடுக்கு எண்ணிக்கையிலான மண்டலங்கள். அவ்வளவு இருந்தால் செயற்கைத்தன்மை வெளிப்பட்டுவிடும் என்று பதிப்பாளர் எட்டோடு நிறுத்தச் சொன்னார், என் பார்வையில் அது நல்ல முடிவு. பிரேபனின் நிறுவனம் 2014-இல் வெளியிட்ட ‘எலீட் டேஞ்சரஸ்’ இதே வழியைப் பின்பற்றி, உண்மையான விண்மீன் அட்டவணைகளோடு கணக்கையும் சேர்த்து 40,000 கோடி விண்மீன் அமைப்புகளைக் காட்டுகிறது. லாவே அதிலும் இருக்கிறது.